உள்ளூர்த் தேடலில் உங்கள் கடை: இணையத் தொழில் பட்டியல்களைப் பயன்படுத்துவது எப்படி?

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டில் மிக்ஸி பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரர் கைபேசியில் "மிக்ஸி ரிப்பேர்" என்று தட்டினால், திரையின் மேற்பகுதியில் ஒரு சிறு வரைபடமும் அதன் கீழ் மூன்று கடைகளின் பெயர்களும் தோன்றும். அதற்கும் கீழே ஜஸ்ட் டயல், சுலேகா போன்ற தளங்களின் பக்கங்கள் "திருச்சியில் மிக்ஸி பழுதுபார்ப்பவர்கள்" என்பது போன்ற தலைப்புகளுடன் வரிசையாக வரும். அவர் ஊர்ப் பெயரைத் தட்டவில்லை. கைபேசி இருக்கும் இடத்தை வைத்துத் தேடுபொறியே ஊரைப் புரிந்துகொண்டது. இத்தகைய தேடலைத்தான் உள்ளூர்த் தேடல் என்கிறோம். அதே தெருவில் இருபது ஆண்டுகளாக நல்ல பெயரோடு நடக்கும் ஒரு கடை அந்த மூன்று பெயர்களில் இல்லாமல் போவதும், அண்மையில் திறந்த ஒரு கடை முதலிடத்தில் நிற்பதும் அன்றாடம் நடப்பவை. பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணம் தொழில் திறமை குறைவு அன்று. அந்தப் பழைய கடையைப் பற்றித் தேடுபொறிக்கு நம்பகமாக எதுவும் தெரியவில்லை என்பதுதான்.

அந்த வரைபடப் பெட்டியில் முன்பு ஏழு கடைகள் வரை காட்டப்பட்டன. 2015 ஆகஸ்டில் கூகுள் அதை மூன்றாகக் குறைத்தது. நான்காவதாக வரும் கடையைப் பார்க்க வேண்டுமானால், தேடுபவர் "மேலும் இடங்கள்" என்பதைத் தட்டி உள்ளே போக வேண்டும். அவசரத்தில் இருப்பவர் அவ்வளவு தூரம் போவதில்லை. எனவே ஒரு சிறு கடைக்காரர், பணம் அதிகம் செலவழிக்காமல், அந்த முதல் சில இடங்களுக்குள் வர என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு விடை தேடும்போது முதலில் கைக்குக் கிடைக்கும் கருவி, இணையத் தொழில் பட்டியல்கள்.

தொழில் பட்டியல் என்பது, ஒரு கடை அல்லது சேவையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், என்ன தொழில், எத்தனை மணி வரை திறந்திருக்கும் ஆகிய விவரங்களைத் தொழில் வாரியாகவும் ஊர் வாரியாகவும் தொகுத்துத் தரும் தளம். அச்சில் வந்த மஞ்சள் பக்கங்கள்தான் இதன் முன்னோடி. ஜஸ்ட் டயல் 1996இல் தொலைபேசிச் சேவையாகத்தான் தொடங்கியது. எண்ணை அழைத்து "இந்தப் பகுதியில் பிளம்பர் வேண்டும்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் சில எண்களைச் சொல்லுவார். 2007இல்தான் அது இணையதளமாகவும் வந்தது. கூகுள் பிசினஸ் புரொஃபைலும் அடிப்படையில் ஒரு தொழில் பட்டியல்தான். 2014இல் கூகுள் மை பிசினஸ் என்று அறிமுகமான அந்தச் சேவைக்கு 2021 நவம்பரில் இந்தப் புதிய பெயர் வைக்கப்பட்டது. கூகுள் மேப்ஸில் தெரியும் கடைப் பெயர்கள் அதிலிருந்து வருவதால், இன்றைய நிலையில் மற்றெல்லாப் பட்டியல்களுக்கும் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டியது அதுவே.

தேடுபொறி எதைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது?

உள்ளூர்த் தேடலில் தான் பார்க்கும் அம்சங்கள் மூன்று என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். தேடப்பட்ட சொல்லுக்கும் கடையின் தொழிலுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பது முதலாவது. தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து கடை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது இரண்டாவது. அந்தக் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது மூன்றாவது. இணையத்தில் அதைக் குறிப்பிடும் பக்கங்கள், அதற்குத் தரப்பட்டுள்ள இணைப்புகள், ரிவ்யூக்களின் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் இதில் கணக்கில் வருகின்றன.

இந்த மூன்றில் தூரம் நம் கையில் இல்லை. காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு மிக்ஸி கடை, தில்லைநகரில் தேடுபவருக்கு முதல் மூன்றுக்குள் வருவது எளிதன்று. அங்கே நெருக்கத்தில் நல்ல கடைகள் இருந்தால் அவையே முன்னால் நிற்கும். "திருச்சி முழுவதும் உங்களை முதலிடத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று யாராவது உறுதி தந்தால், அவருக்கு இந்த எளிய உண்மை தெரியவில்லை அல்லது தெரிந்தும் மறைக்கிறார். விளம்பர இடங்கள் வேறு. இயல்பான உள்ளூர் வரிசையில் பணம் கொடுத்து முன்னேற வழியில்லை என்றும் கூகுள் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பொருத்தத்தையும் பிரபலத்தையும் ஓரளவு நம்மால் மாற்ற முடியும். அங்கேதான் பட்டியல்கள் இரண்டு வகையில் உதவுகின்றன. ஒன்று நேரடியானது: பெரிய பட்டியல் தளங்களின் பக்கங்கள் தேடல் முடிவுகளில் மேலே வருவதால், உங்கள் சொந்த இணையதளம் அங்கே வர முடியாவிட்டாலும், அல்லது உங்களுக்கு இணையதளமே இல்லாவிட்டாலும், அந்தப் பக்கத்தின் உள்ளே உங்கள் கடை இடம்பெறும். மற்றொன்று மறைமுகமானது: ஒரே கடையைப் பற்றி ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல தளங்கள் ஒரே விவரத்தைச் சொல்லும்போது, அந்தக் கடை உண்மையிலேயே அந்த முகவரியில், அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது என்று தேடுபொறி உறுதிப்படுத்திக்கொள்கிறது.

பெயர், முகவரி, தொலைபேசி

இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் முதலில் வலியுறுத்துவது, பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதைத்தான். ஆதார் அட்டையில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு எழுத்துக்கூட்டு, வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் ஓர் எளிய விண்ணப்பத்துக்குக்கூட எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆள் ஒருவரே என்றாலும் ஆவணங்கள் மூன்று பேரைக் காட்டுகின்றன. கடைகளுக்கும் இணையத்தில் இதேதான் நேர்கிறது.

பெயரிலிருந்து தொடங்குவோம். பெயர்ப்பலகையில் "எலக்ட்ரிகல்ஸ்" என்று முடியும் பெயர், ஜிஎஸ்டி சான்றிதழில் "என்டர்பிரைசஸ்" என்று முடிகிறது. பில் புத்தகத்தில் முதலாளியின் தந்தை பெயரும் சேர்ந்திருக்கிறது. பட்டியல் தளத்தின் விற்பனைப் பிரதிநிதி தானாகப் பதிந்தபோது "மிக்ஸி சர்வீஸ் சென்டர்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? வாடிக்கையாளர் தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போது பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். கூகுளின் விதியும் இதுதான். பெயரோடு "திருச்சியின் சிறந்த மிக்ஸி ரிப்பேர்" என்பது போன்ற தேடல் சொற்களைச் சேர்த்து எழுதுவோர் பலர் உண்டு; சில காலம் அது பலன் தருவதுபோலத் தோன்றலாம். ஆனால் அது விதிமீறல். யாராவது புகார் செய்தால் பெயர் திருத்தப்படும். பதிவே முடக்கப்படவும் கூடும். முடங்கிய பதிவை மீட்கும் வேலை, முறையாகப் பதியும் வேலையைவிடப் பன்மடங்கு பெரியது.

முகவரிக்கு வந்தால், நம் ஊர்களின் முகவரிகள் இயல்பிலேயே சிக்கலானவை. சென்னையில் பல தெருக்களில் ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்று சொல்பவர்கள் இன்றும் குறையவில்லை. தில்லைநகரில் குறுக்குத் தெருக்கள் எண்களால் அழைக்கப்படுகின்றன. அதோடு கிழக்கா மேற்கா என்பதையும் சொல்ல வேண்டும். "7ஆவது குறுக்குத் தெரு" என்று மட்டும் எழுதி "மேற்கு" என்பதை விட்டுவிட்டால், வருபவர் பிரதான சாலையின் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டே நிலையாக இல்லை: 2020 ஜூனில் தமிழக அரசு கோயம்புத்தூர், வேலூர் உட்பட 1018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி மூன்றும் ஒன்றே என்பதும், தெரு என்பதும் ஸ்ட்ரீட் என்பதும் ஒன்றே என்பதும் தேடுபொறிக்குத் தெரியும். இத்தகைய சிறு வேறுபாடுகளால் பெரிய தீங்கு இல்லை. தீங்கு செய்பவை, பொருளே மாறும் வேறுபாடுகள்: காலி செய்துவிட்டு வந்த பழைய முகவரி, தவறான அஞ்சல் குறியீட்டு எண், வேறொரு கதவு எண், இப்போது பயன்பாட்டில் இல்லாத தொலைபேசி. ஒருமுறை உட்கார்ந்து உங்கள் முகவரியை முழுமையாக, வரிக்கு வரி, ஒரு தாளிலோ கைபேசிக் குறிப்பிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளத்தில் பதியும்போதும் நினைவிலிருந்து எழுதாமல் அதையே எடுத்து ஒட்டுங்கள். "பிள்ளையார் கோவில் எதிரில்" என்பது போன்ற அடையாளத்துக்கு அந்தத் தளத்தில் தனிக் கட்டம் இருந்தால் அங்கே எழுதுங்கள். அதைவிட முக்கியமானது வரைபடத்தில் குத்தும் புள்ளி. முகவரி சரியாக இருந்தும் புள்ளி பின் தெருவில் விழுந்திருந்தால், வழிகாட்டிக் குரலை நம்பி வண்டியில் வருபவர் பின் தெருவுக்குத்தான் போய்ச் சேருவார்.

தொலைபேசி எண்ணில் நேரும் இடர் வேறு வகையானது. பதிவு செய்யும் நாளில் கடையில் இருந்த பையனின் எண்ணையோ, இணைய வேலை தெரிந்த உறவினரின் எண்ணையோ கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வேறு ஊரில் இருக்கிறார், அழைப்புகள் அவருக்குப் போகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பின்னர் முன்பின் தெரியாத ஒருவருக்கே ஒதுக்கப்படலாம். கடைக்கென்று ஓர் எண், அது முதலாளியின் பெயரில், என்றும் உயிரோடு இருக்கும் எண் என்று முடிவு செய்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குவது நல்லது. சில பட்டியல் தளங்கள் உங்கள் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணைக் காட்டி அழைப்பை உங்களுக்குத் திருப்பிவிடும். அந்த எண்ணை எடுத்து வேறு தளங்களில் பதிந்துவிடாதீர்கள்.

எந்தத் தளங்களில் பதிய வேண்டும்?

நூற்றுக்கணக்கான தளங்களில் ஒரே நாளில் பதிந்து தருகிறோம் என்று விலை பேசுபவர்கள் உண்டு. அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு காலத்தில் தேடுபொறிகள் பட்டியல் தளங்களின் இணைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பின. அப்போது எண்ணிக்கைக்கு மதிப்பிருந்தது. அதை முறைகேடாகப் பயன்படுத்தியவர்கள் பெருகியதால் அந்த மதிப்பு கரைந்தது. இணையத்தின் தொடக்க காலத்தில் பெரும் செல்வாக்கோடு இருந்த யாஹூ டைரக்டரி 2014 இறுதியில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் தொகுத்து வந்த டீமாஸ் பட்டியல் 2017 மார்ச்சில் நின்றது. மனிதர் எவரும் எட்டிப் பார்க்காத ஒரு தளத்தில் உங்கள் கடை இருப்பதால் உங்களுக்கு வாடிக்கையாளரும் வரப்போவதில்லை, தேடுபொறியின் மதிப்பும் கிடைக்கப்போவதில்லை. அதற்கு மாறாக, அங்கே பதிந்த விவரம் பழசாகி, பின்னால் திருத்தவும் முடியாமல் உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

சிறு கடைக்கு ஆறேழு தளங்கள் போதும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் முதலில். அடுத்து ஆப்பிளின் தொழில் பதிவு; ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் மேப்ஸில் பார்ப்பதற்கான பதிவு இது, 2023 ஜனவரியில் ஆப்பிள் பிசினஸ் கனெக்ட் என்ற பெயரில் அறிமுகமானது. பிங் தேடுபொறிக்கான பிங் பிளேசஸ் மூன்றாவது. கூகுளில் உள்ள பதிவையே அங்கே இறக்குமதி செய்துகொள்ளும் வசதி இருப்பதால் உழைப்பு அதிகமில்லை. மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் நம் நாட்டு வரைபடச் செயலி. அதிலும் கடையைச் சேர்க்கலாம். பிறகு ஜஸ்ட் டயல், சுலேகா. ஃபேஸ்புக்கில் கடைக்கென்று ஒரு பக்கம் இருந்தால் அங்கும் முகவரியும் நேரமும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அதுவும் ஒரு பட்டியல்தான்.

இதற்கு மேல் சேர்க்க வேண்டியவை உங்கள் தொழிலைப் பொறுத்தவை. கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்பவருக்கும் திருப்பூரில் பனியன் துணி விற்பவருக்கும் இந்தியாமார்ட் பயன்படும், ஏனெனில் மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் தேடும் இடம் அது. தெருவோர மிக்ஸி கடைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மருத்துவர்களுக்கு பிராக்டோ, உணவகங்களுக்கு சொமேட்டோவும் ஸ்விக்கியும், தங்கும் விடுதிகளுக்கு டிரிப்அட்வைசர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் வாடிக்கையாளர் உண்மையில் போய்ப் பார்க்கும் தளம் ஒன்றிரண்டு இருக்கும். உங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் தளம் உறுப்பினர் பட்டியலை வெளியிட்டிருந்தால் அதில் இடம்பெறுவது, பெயர் தெரியாத ஐம்பது தளங்களைவிட மதிப்புள்ளது.

பதியும் முன் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. உங்கள் கடைப் பெயரையும், தனியாகத் தொலைபேசி எண்ணையும் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். நீங்கள் ஒருமுறைகூடப் பதியாத தளங்களில் உங்கள் கடை ஏற்கெனவே இருப்பதைக் காண்பீர்கள். வாடிக்கையாளர் ஒருவர் சேர்த்திருப்பார், அல்லது தளத்தின் ஆட்களே சேர்த்திருப்பார்கள். அப்படி இருந்தால் புதிதாக ஒன்றை உருவாக்காமல், இருப்பதையே "இது என் கடை" என்று உரிமை கோரிப் பெறுங்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரிந்துபோகும். அழைப்புகள் பழைய எண்ணுக்குப் போகும். இரண்டில் எது உண்மை என்ற ஐயம் தேடுபொறிக்கும் வரும்.

பதிவை நிரப்புதல்

கூகுளில் உரிமையை உறுதிப்படுத்தும் முறைகளில், பலரைத் தயங்க வைப்பது காணொளிச் சரிபார்ப்பு. உண்மையில் அது கடினமானதன்று. இடையில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருமுனையில் நின்று தெருப் பெயர்ப் பலகையைக் காட்டித் தொடங்குங்கள். பக்கத்துக் கடைகள் தெரியும்படி நடந்து வந்து உங்கள் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். சாவி போட்டு ஷட்டரைத் தூக்குங்கள். உள்ளே போய் பழுதுபார்க்கும் மேசையையும், கழற்றி வைத்த மோட்டார்களையும், கல்லாவையும், கடைப் பெயர் அச்சிட்ட பில் புத்தகத்தையும் காட்டுங்கள். இடம், தொழில், உங்கள் உரிமை ஆகிய மூன்றும் அதில் புலப்பட வேண்டும் என்பதே நோக்கம். யாருடைய முகமும் அதில் தேவையில்லை. வங்கி விவரங்கள் காட்டப்படவே கூடாது. ஜிஎஸ்டி சான்றிதழ், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்று, கடை முகவரியில் வரும் மின் கட்டண ரசீது ஆகியவற்றைக் கையருகே வைத்திருந்தால் பிற்பாடு ஏதேனும் கேட்கப்பட்டாலும் எளிதாக இருக்கும்.

கடை வைக்காமல் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்யும் பிளம்பர், ஏசி மெக்கானிக் போன்றவர்கள் தங்கள் வீட்டு முகவரியை வெளியே காட்ட வேண்டியதில்லை. முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளாக உறையூர், தில்லைநகர், புத்தூர் என்று குறிப்பிடலாம்; கூகுள் இருபது பகுதிகள் வரை அனுமதிக்கிறது.

பொருத்தம் என்ற அம்சத்தில் மிகுந்த எடை உள்ளது தொழில் வகை. ஒரு முதன்மை வகையும் அதற்குத் துணையாக ஒன்பது வகைகளும் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மிக்ஸி பழுதுபார்க்கும் கடை "எலக்ட்ரானிக்ஸ் கடை" என்று முதன்மை வகையைக் கொடுத்துவிட்டால், தொலைக்காட்சி விற்கும் பெரிய கடைகளோடு போட்டியிடும். தன்னைத் தேடும் மிக்ஸி உரிமையாளரின் கண்ணில் படாது. உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி எந்த வேலையிலிருந்து வருகிறதோ அதற்கு மிக நெருங்கிய வகையே முதன்மை வகை. கூகுளின் விவரிப்புப் பகுதியில் 750 எழுத்துகள் வரை எழுதலாம். அதில் "தரமான சேவை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்" என்று நிரப்புவதைவிட, என்னென்ன சாதனங்கள் பார்க்கிறீர்கள், ஜார் பிளேடு மாற்றம் அன்றே முடியுமா, மோட்டார் ரீவைண்டிங் உண்டா, டேபிள் டாப் கிரைண்டரை வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வீர்களா என்பவற்றைச் சொன்னால் படிப்பவருக்குப் பயன் உண்டு. தமிழிலும் எழுதலாம், எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

திறந்திருக்கும் நேரத்தைப் பலரும் அலட்சியமாக நிரப்புகிறார்கள். தேடும் அந்த நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதையும் கூகுள் வரிசைப்படுத்தலில் கணக்கில் கொள்கிறது. அதற்காக 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் பொய்யாகப் பதியக் கூடாது. பூட்டிய கடை முன்னால் நின்று திரும்பிப் போனவர் தரும் ஒரு நட்சத்திரம் எளிதில் மறையாது. மதிய இடைவேளை இருந்தால் இரண்டு பகுதிகளாக நேரத்தைக் குறிப்பிடலாம். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா நாட்களுக்குச் சிறப்பு நேரம் பதியும் வசதியும் இருக்கிறது. புகைப்படங்களில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பெயர்ப்பலகை தெரிய எடுத்த ஒன்று அவசியம். புதிதாக வருபவர் கடையை அடையாளம் காண உதவுவது அதுதான்.

ரிவ்யூக்கள்

நல்ல ரிவ்யூக்களைப் பெறும் நேரான வழி, வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியோடு பணம் கொடுக்கும் தருணத்தில் பணிவோடு கேட்பது. ரிவ்யூப் பக்கத்துக்கான க்யூஆர் குறியீட்டை அச்சிட்டுக் கல்லா மேசையில் வைத்துவிட்டால் கேட்பதும் எளிது, எழுதுவதும் எளிது. "ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி" என்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. திருப்தியானவர்களிடம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பதும், குறை சொல்பவர்களைத் தடுப்பதும் அவ்வாறே. இணைய ரிவ்யூக்களை எப்படித் திரட்ட வேண்டும், எப்படி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே வெளியிட்டிருக்கிறது. பணம் கொடுத்து எழுதவைக்கும் ரிவ்யூக்கள் எவ்வளவு பெரிய சிக்கலாக வளர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று.

குறை சொல்லி ஒருவர் எழுதினால் பதில் எழுதுங்கள். என்ன நடந்தது, என்ன சரிசெய்யத் தயார் என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும். அந்தப் பதிலைப் படிக்கப்போவது குறை சொன்னவர் மட்டுமல்லர். உங்கள் கடைக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அடுத்தவரும்தான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, உடனே கட்டணம் கட்டுங்கள் என்று அழைப்பு வந்தால் அது மோசடி. கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதைக் கொண்டு உங்கள் பதிவின் உரிமையை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும்.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று இருக்கிறது. பதிவு செய்து தரும் முகவர் தன் மின்னஞ்சல் முகவரியிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவார். அவரோடு உறவு முடியும் நாளில், பல ஆண்டுகளாகச் சேர்ந்த ரிவ்யூக்களோடு அந்தப் பதிவும் அவர் கையிலேயே தங்கிவிடும். கடைக்காரரின் உழைப்பால் விளைந்த நற்பெயர் பிறர் கைக்குப் போவதைப் பார்ப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் தொடக்கத்திலேயே சில நிமிடங்கள் செலவிட்டால் இதைத் தவிர்த்துவிடலாம். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். முதன்மை உரிமையாளர் நீங்களாக இருங்கள். உதவுபவருக்கு மேலாளர் என்ற அனுமதியை மட்டும் கொடுங்கள். அதை எந்த நேரத்திலும் நீக்கிக்கொள்ள முடியும்.

பட்டியல் தளங்களின் கட்டணத் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். இலவசப் பதிவே தேடல் பார்வைக்குப் போதுமானது. கட்டணம் கட்டினால் வாடிக்கையாளர் விசாரணைகளை அனுப்புவார்கள். ஆனால் சில தளங்களில் அதே விசாரணை உங்கள் போட்டியாளர்கள் நான்கைந்து பேருக்கும் ஒரே நேரத்தில் போகும். முதலில் இலவசப் பதிவில் சில மாதங்கள் இருந்து, அங்கிருந்து எத்தனை அழைப்புகள் வருகின்றன என்று பார்த்த பின் முடிவெடுங்கள்.

கூகுள் மேப்ஸில் எவரும் ஒரு கடையின் விவரத்துக்குத் திருத்தம் பரிந்துரைக்க முடியும். அந்த வசதியால் பல பிழைகள் திருந்துகின்றன. அதே வசதியைப் பயன்படுத்தி வங்கிக் கிளைகளின் பதிவுகளில் போலித் தொலைபேசி எண்களைப் புகுத்தி மக்களை ஏமாற்றிய நிகழ்வுகளும் நம் நாட்டில் நடந்துள்ளன. எனவே மாதம் ஒருமுறையாவது உங்கள் பதிவைத் திறந்து, எண்ணும் நேரமும் நீங்கள் கொடுத்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கடை இடம் மாறும்போது

பதிவுகள் குழம்பிப்போகும் முதன்மையான தருணம் இது. தில்லைநகரில் இருந்த கடை புத்தூருக்கு மாறுகிறது என்றால், அஞ்சல் குறியீடு 620018இலிருந்து 620017ஆக மாறும். வரைபடப் புள்ளி மாறும். பழைய இடத்துக்கு வேறொரு கடை வரும். அப்போது பலர் செய்வது, புதிய முகவரிக்குப் புதிதாக ஒரு பதிவு தொடங்குவது. அப்படிச் செய்தால் பழைய ரிவ்யூக்கள் பழைய பதிவிலேயே நின்றுவிடும். இருக்கும் பதிவிலேயே முகவரியைத் திருத்துங்கள். மீண்டும் சரிபார்ப்பு கேட்கப்படலாம், ஆகையால் புதிய கடையில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகு இதைச் செய்வது நல்லது. முதலில் சொந்த இணையதளம் இருந்தால் அங்கே, பிறகு கூகுளில், அதன்பின் ஆப்பிள், பிங், ஜஸ்ட் டயல், சுலேகா என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பதியும்போதே எந்தெந்தத் தளங்களில், எந்த மின்னஞ்சலில், எந்த எண்ணில் பதிந்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தவருக்கு இது ஒரு பிற்பகல் வேலை. குறித்து வைக்காதவர் தன் பெயரைத் தானே தேடித் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்த பின் அடுத்த நாளே மாற்றம் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பல தளங்களில் திருத்திய விவரங்களைத் தேடுபொறி மீண்டும் வந்து படித்து ஒப்பிட வாரங்கள் ஆகும். கூகுள் பதிவின் செயல்திறன் பகுதியில், எந்தச் சொற்களைத் தேடி உங்கள் கடையைக் கண்டார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கு மாதவாரியாகக் கிடைக்கும். உங்கள் கைபேசியில் நீங்களே தேடிப் பார்த்து மகிழ்வதையோ வருந்துவதையோ விட அந்தக் கணக்கைப் பாருங்கள். கடைக்குள் நின்று தேடினால் தூரம் என்ற அம்சத்தால் உங்கள் கடை முன்னால் வந்து நிற்கக்கூடும். "மிக்ஸி சர்வீஸ்" என்று தேடி வருபவர் பலர், "கிரைண்டர்" என்று தேடி வருபவர் எவரும் இல்லை என்று அந்தக் கணக்கு காட்டினால், அடுத்துத் திருத்த வேண்டியது சேவைகளின் பட்டியல் என்பது தெரிந்துவிடும்.